அலமாரியில் இருபத்திரண்டு கிளவுஸ்

பேஸ்பால் ஆட்டம் ஒன்றைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. ஒருமுறை டிவி முன்னால் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஒருவன் பந்தைப் போடுவதும், இன்னொருவன் அதை அடிக்காமல் விடுவதும், இரண்டு பேரும் மாறி மாறித் துப்புவதுமாகப் போனது. அணைத்துவிட்டேன். அப்படிப்பட்ட என்னிடம் பழைய பேஸ்பால் கிளவுஸ் இருபத்திரண்டு இருந்தன. பந்துகள் ஒன்பது, கீறல் விழுந்த மட்டை ஒன்று, எந்த ஊர்ப் பள்ளிக்கூடமோ தெரியாத முக்கோணக் கொடி ஒன்று. எல்லாம் பர் துபாயில் எங்கள் வீட்டுப் படுக்கையறை அலமாரியில் இருந்தன. என் மனைவியின் சேலைகள் இருந்த அலமாரி அது.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டவர்களிடம், சும்மா என்று சொல்லிவைத்தேன். அதற்கு மேல் கேட்கிற அளவுக்கு யாருக்கும் அக்கறை இல்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

ஜெபல் அலியில் ஒரு சரக்குக் கம்பெனியில் டாக்குமெண்டேஷன் பார்க்கிறேன். இருபத்தோரு வருடமாக ஒரே வேலை. கப்பலிலோ விமானத்திலோ போகிற எதற்கும் ஒரு படிவம் உண்டு. அதில் பொருளின் விவரம் என்று ஒரு கட்டம், மதிப்பு என்று ஒரு கட்டம். டைல்ஸ், டயர், ஒட்டகப் பால் பவுடர், பல் செட்டு என்று எதுவாக இருந்தாலும் நான் ஒரு வரியில் எழுதிவிடுவேன். ஆபீசில் அதற்காக எனக்குக் கொஞ்சம் நல்ல பேர்கூட உண்டு.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு என் மனைவி தரையில் உட்கார்ந்தாள். தலை வலிக்கிறது என்றாள். வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். ஊருக்கு, மதுரைக்கு, கொண்டுபோக வேண்டும். யார் பேப்பர் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது கூட நின்றவர்களில் ஒருவர், "உங்களுக்குத்தான் புரொசீஜர் எல்லாம் தெரியுமே சார்" என்றார். நல்ல மனிதர்தான். அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

ஆஸ்பத்திரி ஆபீசில் நானே போய் உட்கார்ந்து அடித்தேன். விவரம் என்ற கட்டத்தில் மனித உடல், ஒன்று. எடைக்கு ஒரு கட்டம், பெட்டியோடு சேர்த்து. மதிப்பு என்ற கட்டத்தில், வணிக மதிப்பு இல்லை. நாலு நிமிடம் ஆகியிருக்கும். ஒரு எழுத்துப் பிழை இல்லை. கையும் நடுங்கவில்லை. பக்கத்தில் நின்ற மகள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தொன்று, கல்லூரியில் கடைசி வருடம்.

எவ்வளவு தைரியமான மனுஷன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தைரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துக் கிடக்குமே, எனக்கு ஆள் முழுக்க அப்படிக் கிடந்தது. பதினாறாம் நாள் காரியம் வரை எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வராததை நினைத்து வெட்கமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். அதுவும் இல்லை.

மகளை அவள் சித்தி வீட்டில் ஒரு மாதம் விட்டுவிட்டு நான் மட்டும் துபாய் திரும்பினேன். வந்த மறுநாள் அலமாரியைத் திறந்தேன். அறுபது எழுபது சேலை இருக்கும். திரும்பி வரும்போது இதெல்லாம் கண்ணில் பட்டால் பிள்ளைக்குத் தாங்காது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதாகத்தான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். ஆறு பெரிய பைகளில் அடைத்தேன். எங்கள் தெருவில் மசூதிக்குப் பக்கத்து பார்க்கிங்கில், ஏழைகளுக்குத் துணி போடுகிற இரும்புப் பெட்டி ஒன்று நிற்கும். டூட்டிக்குப் போகிற வழியில் ஒவ்வொரு பையாக அதன் வாய்க்குள் தள்ளினேன். ஆறாவது கொஞ்சம் சிக்கியது. முழங்கையால் இடித்து உள்ளே அனுப்பினேன்.

மகள் வந்து பெட்டியை வைத்ததும் நேரே அந்த அறைக்குப் போனாள்.

"அம்மா சேலையெல்லாம் எங்கப்பா?"

"குடுத்துட்டேன்மா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"ஒண்ணுகூட வைக்கலையா? எனக்கு ஒண்ணே ஒண்ணு?"

"நீதான் சேலையே கட்ட மாட்டியே" என்றேன்.

உலகத்தில் ஒரு தகப்பன் சொல்லியிருக்கக்கூடிய பதில்களில் இதைவிட மட்டமானது இருக்குமா, தெரியவில்லை. அவள் கத்தவில்லை. "யூ டிட்ன்ட் ஈவன் ஆஸ்க் மீ, அப்பா" என்று மட்டும் சொன்னாள். அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் நின்றுபோகும். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை.

அன்று மாலையே அந்த இரும்புப் பெட்டியில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தவர் உருதுவில் பேசினார். நான் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "போயிருச்சு பாய், கலாஸ், முடிஞ்சது" என்றார். எங்கே போகும் என்று எனக்கே தெரியும். பழைய துணியை அழுத்திக் கட்டாகக் கட்டி கண்டெய்னரில் ஏற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவார்கள். பயன்படுத்திய துணி, கட்டுகள் என்று அதற்கும் நானே எத்தனையோ படிவம் அடித்திருக்கிறேன். அந்த மாதம் அடித்ததில் ஒன்று என் மனைவியின் சேலைகளுக்கானதாகக்கூட இருந்திருக்கலாம்.

படிப்பை முடித்ததும் மகளுக்கு அபுதாபியில் வேலை கிடைத்தது. ஒன்றரை மணி நேரப் பயணம்தான். அவள் வரவில்லை. நான் போனால் மாலில் ஏதாவது ஒரு ஓட்டலில் பார்ப்பாள், சாப்பிட வைப்பாள், காரில் ஏற்றிவிடுவாள். தினமும் நான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் காலை வணக்கத்துக்குக் கட்டைவிரல் ஒன்று வரும். என் வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை. அம்மாவின் ஒரு சேலை, அவ்வளவுதான் அவள் கேட்டது. அதை என்னால் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்ததால் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் முதல் கிளவுஸ் வந்தது. அமெரிக்கக் கிழவர் ஒருவர், முப்பது வருடம் எண்ணெய்க் கம்பெனிகளில் இருந்துவிட்டு ஒரேயடியாக ஊருக்குத் திரும்புகிறவர், வீட்டுச் சாமான்களை எங்கள் கிடங்குக்குக் கொண்டுவந்திருந்தார். பெட்டி ஒன்று எடை கூடிவிட்டது. எதையாவது எடுங்கள் என்றோம். கையை விட்டுத் துழாவி, காய்ந்துபோன தோல் உறை ஒன்றை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். அவர் போன பிறகு நான் அதை எடுத்துப் பார்த்தேன். இடது கைக்கானது. விரல்கள் தடித்து, உள்ளங்கையில் பள்ளம் விழுந்து, மாட்டுத்தோல் வாடை அடித்தது. கையை உள்ளே விட்டேன். வேறு யாருடைய விரல்களோ அழுத்திவைத்த குழிகளில் என் விரல்கள் போய் உட்கார்ந்தன.

ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் விஷயம். மனைவி போன பிறகு அந்த நாலு மாதமும் நான் எதைத் தொட்டாலும், ஒரு டீஸ்பூனைத் தொட்டால்கூட, அதற்குப் பின்னால் அவள் நின்றாள். இந்தத் தோல் உறையை அவள் தொட்டதில்லை, பார்த்ததில்லை, இதன் பேர்கூட அவளுக்குத் தெரியாது. அவள் இல்லாத பொருள் ஒன்று கிடைத்துவிட்டது. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

பிறகு தேடிப் போக ஆரம்பித்தேன். ஊருக்குத் திரும்புகிற அமெரிக்கர்கள், ஜப்பான்காரர்கள், இணையத்தில் பழைய சாமான் விற்கிற பக்கங்கள், பூங்காவில் சனிக்கிழமைச் சந்தை. சிலதில் மணிக்கட்டுப் பட்டையில் ஏதோ ஒரு பையனின் பேர் மையால் எழுதியிருக்கும். அவன் இப்போது தாத்தாவாகியிருப்பான், அல்லது செத்திருப்பான். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு பேஸ்பாலில் சிவப்பு நூலில் நூற்றெட்டுத் தையல் என்று படித்தேன். நம் ஆட்கள் காதில் விழுந்தால் சந்தனம் பூசி மந்திரம் சொல்லியிருப்பார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது, வைத்துவிட்டேன்.

விவரம் தெரிந்த ஒரே கூட்டாளி சவூதியில், ஜுபைலில் இருந்தார். அங்கே ஒரு ரசாயன ஆலையில் டெக்னீஷியன், கேம்ப் வாசம், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஆலையில் கூட வேலை பார்த்த அமெரிக்கர்களோடு ஆடி ஆடியே ஆட்டத்தைக் கற்றவர். சேகரிப்பவர்களின் இணையக் குழுவில் அறிமுகம். நேரில் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, ஒரு ஆட்டமாவது பாத்திருக்கியளா, இல்ல வெறும் தோல் யாவாரம்தானா?" என்று சீண்டுவார். என் பதிலுக்குக் காத்திருக்காமல் சிரிப்பார். பராமரிப்பெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். "பிளாஸ்டிக் பையில மட்டும் போட்டுராதிய. இந்த ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை புடிச்சிரும். குழியில ஒரு பந்த வச்சு, பழைய பருத்தித் துணி வச்சுச் சுத்துங்க. நல்லாத் துவைச்சுத் துவைச்சு நைஞ்ச துணியா இருக்கணும். சாயம் போற துணி ஆகவே ஆகாது."

அப்படிப்பட்ட துணி என் வீட்டில் இருந்தது. சமையலறைத் தொட்டிக்குக் கீழே, கரித்துணி வைக்கிற தட்டில், சதுரம் சதுரமாக மடித்து அடுக்கி வைத்திருந்தது. பந்து இருந்த வரைக்கும் குழியில் வைத்து, எடுத்து எடுத்துச் சுற்றினேன். நல்ல துணி. இரண்டு வருடத்தில் அந்த அடுக்கு தீர்ந்தும் போனது.

போன வருடம் ஜுபைல்காரர், பந்தைப் பிடிக்கக் குந்தி உட்கார்ந்திருப்பவன் மாட்டுகிற பெரிய உருண்டை கிளவுஸ் ஒன்று என்னிடம் இருப்பதைப் படத்தில் பார்த்துவிட்டு நச்சரித்தார். அதைக் கொடுத்து ஒரு முக்கோணக் கொடியை மாற்றிக்கொண்டேன். அனுப்பும்போது, பெரிய உருப்படி ஆயிற்றே என்று இருந்ததிலேயே பெரிய துணியை எடுத்துச் சுற்றினேன். பேக்கிங்கில் என்னைக் குறை சொல்ல முடியாது.

இந்த வருடம் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறோம், காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் வந்தது. ஒரு ஆளுக்கு எதற்குப் பெரிய வீடு என்று சின்ன ஸ்டுடியோ ஒன்று பார்த்தேன். மகளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: வீடு மாற்றுகிறேன், உன் சாமான் ஏதாவது இருந்தால் வந்து எடுத்துக்கொள். கட்டைவிரல் வரவில்லை. "சாட்டர்டே வரேன்" என்று வந்தது.

வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, தன் சர்டிபிகேட் பைலை எடுத்தாள். பிறகு படுக்கையறைக்குள் போனாள். அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"வாட் இஸ் திஸ்?"

நான் போய் வாசலில் நின்றேன்.

"அம்மா சேலை இருந்த இடத்துல இதையாப்பா வச்சிருக்கீங்க? யாரோ போட்ட பழைய கிளவுஸையா? இதெல்லாம் பத்திரமா வைக்கத் தெரியுது, இல்ல?" வெடுக்கென்று ஒன்றை இழுத்தாள். சுற்றியிருந்த துணி அவிழ்ந்து, உள்ளிருந்த பந்து தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் ஓடியது. அவள் அதைப் பார்க்கவில்லை. கிளவுஸையும் கீழே போட்டுவிட்டாள். கையில் துணி மட்டும் இருந்தது. அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி.

"அப்பா," என்றாள். குரல் வேறாக இருந்தது. "இது அம்மாவோட சுங்குடி."

நான் பார்த்தேன். இரண்டு வருடமாக என் கையால் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றிய துணி. அரக்கில் வெள்ளைப் புள்ளி என்று தெரியும். சாயம் போகாது என்று தெரியும். சுங்குடி என்று அப்போதுதான் தெரிந்தது.

என் மனைவியின் வழக்கம் அது. கட்டிக் கட்டி நைந்துபோன பருத்திச் சேலையை யாருக்கும் கொடுக்க மாட்டாள். கிழிந்ததை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்பாள். ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டிவிட்டு, கையால் பிடித்து நீளமாகக் கிழிப்பாள். அந்தச் சத்தம் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். எதையோ கிழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவேன். நல்ல சேலைகளைத் தேடித் தேடிப் பையில் அடைத்தபோது தொட்டிக்குக் கீழே நான் குனியவே இல்லை. அவை அவளுடையவை என்று தோன்றவில்லை. கரித்துணிதானே.

மகள் ஒவ்வொரு கிளவுஸாக எடுத்து அவிழ்த்தாள். நானும் உட்கார்ந்து அவிழ்த்தேன். தோல் உறைகள் ஒரு பக்கம் குவிந்தன, துணிகள் ஒரு பக்கம். பிறகு அவள் துணிகளை ஹாலுக்குக் கொண்டுபோய்த் தரையில் பரப்பி, கரை பார்த்து, கிழிந்த ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைக்க ஆரம்பித்தாள். நீலத்தில் இரண்டு துண்டு, "இது என் ஆனுவல் டேக்குக் கட்டிட்டு வந்தது." பச்சைக் கட்டத்தில் மூன்று. அவை ஒன்றும் முழுதாகத் தேறவில்லை. சுங்குடி மட்டும் தேறியது. ஒன்று, இரண்டு என்று சேர்ந்து சேர்ந்து சோபாவிலிருந்து சமையலறை வாசல் வரை நீண்டது. கடைசியில் அவள் கை நின்றது.

"முந்தானை இல்லப்பா."

குவியலைப் புரட்டினாள். தொட்டிக்குக் கீழே போய்ப் பார்த்தாள். எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இருந்ததிலேயே பெரிய துணி.

"ஜுபைல்ல இருக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது முறையும் நான் அதையே செய்திருந்தேன். அந்தப் பழைய மரமரப்புக்காகக் காத்திருந்தேன். வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை.

போன் போட்டேன். ஜுபைல்காரர் டூட்டியில் இருந்தார், பின்னால் மெஷின் சத்தம்.

"தம்பி, அந்த உருண்டை கிளவுஸ் அனுப்பினேன்ல?"

"ஆமா அண்ணாச்சி. என்ன, திரும்ப வேணுமா? தர மாட்டேன் பாத்துக்கிடுங்க."

"அது வேண்டாம். சுத்தியிருந்த துணி வேணும்."

"துணியா?" சிரித்தார். "என்ன அண்ணாச்சி, துணிக்கா போன்?"

நான் சொல்லியிருக்க வேண்டும். மகள் போனை வாங்கினாள். "அங்கிள், அது எங்க அம்மாவோட சேலை. அம்மா இல்ல. எங்ககிட்ட வேற ஒண்ணும் இல்ல அங்கிள்."

அவர் மெஷின் பக்கத்திலிருந்து தள்ளிப் போவது கேட்டது. பிறகு, "எந்தப் பெட்டியில வச்சேன்னு பாக்கணும் தாயி. ஒரு மாசத்துக்கு முன்ன ரூம் மாத்துனோம், பாதிச் சாமானத் தூக்கிப் போட்டாங்க. டூட்டி முடியவும் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.

மகள் அன்று அபுதாபிக்குப் போகவில்லை. சுங்குடித் துண்டுகளை மடிக்காமல் அப்படியே தரையில் விட்டு, அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். மறுநாள் காலை படம் ஒன்று வந்தது. கேம்ப் கட்டிலின் மேல் அந்தப் பெரிய கிளவுஸ், சுற்றிய துணியோடு. நான் போட்ட அதே முடிச்சு. கீழே எழுதியிருந்தார்: "நீங்க கட்டுன மாதிரியேதான் வச்சிருக்கேன். எனக்கு இதவிட நல்ல துணி எங்க கெடைக்கும்? இன்னைக்கே போட்டுவிடுதேன்."

அடுத்த சனிக்கிழமை மகள் மறுபடி வந்தாள், பெட்டி கட்ட. மதியம் கூரியரிலிருந்து என் போனுக்கு ஒரு லிங்க் வந்தது. பார்சல் துபாய் வந்துவிட்டது, கஸ்டம்ஸுக்காகப் பெறுகிறவர் விவரத்தை நிரப்ப வேண்டும். லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். இருபத்தோரு வருடமாகப் பார்த்த அதே இரண்டு கட்டங்கள்.

பொருளின் விவரம். கையைக் கீபோர்டில் வைத்தேன். விரல் அசையவில்லை. துணி என்று அடித்து அழித்தேன். பயன்படுத்திய துணி என்று அடித்து அழித்தேன். பிறகு எழுத்துகள் கலங்கின. முதலில் கண்ணாடியைத்தான் துடைத்தேன்.

மகள் டேப் ஒட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று ஆஸ்பத்திரி ஆபீசில் நின்று பார்த்தாளே, அதே போல என் விரல்களைப் பார்த்தாள்.

"என்னால முடியலம்மா" என்றேன். வாய்விட்டு அழுதேன். இரண்டரை வருடத்தையும் சேர்த்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, அசிங்கமாக அழுதேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தோளில் அவள் தலை இருந்தது, அவளும் அழுதாள்.

பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, அவளே அடித்தாள். அம்மா சேலை, ஒன்று. அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பூஜ்யம் போட்டாள். சிவப்பாக எச்சரிக்கை வந்தது.

"வேல்யூ ஸீரோ எடுத்துக்க மாட்டேங்குதுப்பா. என்ன போடறது?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு போடும்மா" என்றேன். "விலை இல்லாத எல்லாத்துக்கும் நாங்க அப்படித்தான் போடுவோம்."

அவள் ஒன்று என்று போட்டாள்.